பெட்டைக்குப் பதினொரு மாதம்

எங்கள் வளவுக்குக் குதிரை வந்த அன்று நான் அதைக் குசினி யன்னல் இடுக்கால்தான் பார்த்தேன். வெளியே போக முடியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மருமகன் நின்றார்.

எங்கள் ஏறாவூரில் மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் நின்று பேசுவதில்லை. இப்போதைய பிள்ளைகள் பேசுகிறார்கள், ஒன்றாக இருந்து சாப்பிடவும் செய்கிறார்கள். நான் பழைய ஆள். அதோடு பிறவியிலேயே கூச்சக்காரி, கடைக்காரரிடம் மிச்சக் காசு கேட்கவே நாக்கு எழும்பாது. வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த பிறகு பின்னால் உள்ள குசினியும் அதோடு ஒட்டிய அறையும் எனக்கென்று இருந்தன. மருமகன் முன்வாசலால் வருவார், முன்வாசலால் போவார். கலியாணம் முடித்த பிறகும் அவர் கத்தாரில் இருந்த காலம்தான் கூடுதல். நான் சமைத்து மகளிடம் கொடுப்பேன். "உம்மா, கறி நல்லமாம்" என்று மகள் வந்து சொல்வாள். எங்கள் இருவருக்கும் இடையே இருந்த பேச்சு அவ்வளவுதான்.

குதிரை வந்து அந்த ஒழுங்கைக் குழப்பியது. முன்வளவில் நிழல் இல்லை. பின்னால், குசினிக்கு நேரே, என் பசுக்கள் நின்ற கொட்டில் சும்மா கிடந்தது. முழங்கால் வருத்தம் வந்த பிறகு பசுக்களைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டேன். குதிரையை அங்கே கட்டினார்கள். ஆகவே மருமகன் காலையும் மாலையும் என் குசினி வாசலுக்கு முன்னால் வந்து நிற்கவேண்டியதாயிற்று.

குதிரை செம்மண் நிறம், நெற்றியில் ஒரு கை அகல வெள்ளை. நுவரெலியாவில் பந்தயம் ஓடி, வயது போன பிறகு கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்தது. மருமகனுக்குக் கத்தாரில் குதிரை பராமரிக்கிற வேலை. இனிப் போவதில்லை, இங்கேயே பிழைப்போம் என்று வந்து, பாசிக்குடாக் கடற்கரைக்கு வருகிற ஆட்களை ஏற்றி நடத்தவும், கலியாண மாப்பிள்ளைகளை ஊர்வலம் கொண்டுபோகவும் இதை வாங்கினார். அதற்கு ஒரு அரபிப் பேர் வைத்திருந்தார். என் வாயில் அது நுழையவில்லை. நான் பெட்டை என்று கூப்பிட்டேன். அதுவும் திரும்பிப் பார்த்தது.

முதல் நாளே நான் அதற்குக் கழனித் தண்ணீர் வைத்துவிட்டேன். பசுவுக்கு வைத்த கை சும்மா இருக்குமா? சாயந்தரம் மருமகன் வந்து வாளியை மோந்து பார்த்தார். பிறகு குசினிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, குதிரையின் காதில் சொல்ல வேண்டியதை ஊருக்கே கேட்கும்படி சொன்னார்.

"உனக்கு ஆரு கழனித் தண்ணி வெச்ச? நீ மாடில்ல. புளிச்சதக் குடிச்சா உனக்கு வயிறு குத்தும். நாளைக்கு வெச்சாலும் குடிக்காத, கேட்டியா?"

குதிரைக்குக் கேட்டதோ தெரியாது. எனக்குக் கேட்டது. மறுநாள் காலை அவர் தண்ணீர் வைக்கிற நேரம் பார்த்து, உள்ளே இருந்து தேங்காய் துருவிக்கொண்டே நானும் சொன்னேன்.

"பெட்டே, மத்தியானத்துக்கும் ஒரு வாளி அள்ளி வெச்சிட்டுப் போகச் சொல்லு. கிணத்துல அள்ள என்ட கைக்கு ஏலா."

அன்றிலிருந்து இரண்டு வாளி நின்றது.

இப்படித்தான் எங்கள் பேச்சுத் தொடங்கியது. அவர் சொல்வதும் குதிரைக்குத்தான், நான் சொல்வதும் குதிரைக்குத்தான். மகள் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். பின்னேரம் வந்து கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள். "பாவம் உம்மா அந்தக் குதிர. அதுக்குச் சொந்தமா ஒரு கதையும் கதைக்க விடுறீங்க இல்லயே" என்பாள்.

மாரி வேளாண்மை வெட்டி முடிந்த நேரம், குட்டி ஒன்றும் இருந்தால் பிழைப்புக் கூடும் என்று, பெட்டையை ஆண் குதிரைக்கு விட மருமகன் யோசித்தார். பொலன்னறுவைப் பக்கம் ஒரு சிங்கள ஐயாவிடம் நல்ல ஆண் குதிரை இருந்ததாம். லொறி வந்து நின்றது. பலகை போட்டு ஏற்றப் பார்த்தால் பெட்டை ஏறவில்லை. நான்கு கால்களையும் ஊன்றி, காதைப் பின்னால் மடித்துக்கொண்டு நின்றது. லொறிக்காரர் தள்ளினார், மருமகன் இழுத்தார், தெருவில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு உள்ளே இருக்க முடியவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டு, வேலிப்பக்கமாகப் போய் லொறியின் முன்பக்கத்தில் மறைந்து நின்றுகொண்டு, "பெட்டே, வா புள்ள" என்று இரண்டு தரம் கூப்பிட்டேன். என் குரல் வந்த பக்கத்துக்கு அது தடதடவென்று ஏறிப் போய் நின்றது. தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வேலியோடு வேலியாக வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

சில நாட்களால் பெட்டை திரும்பி வந்தது. பிறகு மாட்டு டொக்டர் வந்து பார்த்து, சினைதான் என்று சொன்னார்.

அன்று பின்னேரம் மகள் அரிசியில் கல் பொறுக்க என் பக்கத்தில் வந்து இருந்தாள். கல் இல்லாத அரிசியைப் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது.

"உம்மா, கத்தார்லேர்ந்து அவர்ர கூட்டாளி கோல் எடுத்துக்கிட்டே இரிக்கார். பழைய வேல திரும்பக் கிடைக்குமாம்."

"அதுக்கு மருமகன் என்ன சொன்னாராம்?"

"ஒரு குதிரய வெச்சிக் குடும்பம் நடத்த ஏலாதாம். வயித்துல குட்டியோட அத ஓட்டவும் ஏலாதாம். குட்டி உசிரோட நிண்டா இஞ்சயே இரிந்துருவாராம். இல்லாட்டிப் பெட்டைய வித்துட்டுப் போறாராம்."

மகள் திரும்ப அரிசியில் குனிந்தாள். மிச்சம் எனக்குத் தெரியும். கலியாணம் முடித்து இத்தனை வருசத்தில் புருசனோடு அவள் சேர்ந்து கொண்டாடிய பெருநாட்களை விரல் விட்டு எண்ணலாம். அவளுக்கு அவர் வீட்டில் இருக்கவேண்டும். அதற்குக் குட்டி பிழைக்கவேண்டும். அன்றிலிருந்து எனக்கு அந்த வயிற்றைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

காலையில் ஆற்றங்கரைக்குப் போய்ப் புல் அறுத்தேன். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கரைப்புல்லில் உப்பு இருக்கும், கிணற்றடியில் அலசிப் போடுவேன். மருமகன் ஒரு ஓட்டோவை வாடகைக்கு எடுத்து ஓடிக்கொண்டு, கிடைத்த நேரத்தில் கொட்டிலைத் திருத்தினார். மாரியில் எங்கள் வளவில் தண்ணீர் நிற்கும். அதனால் மண் கொண்டுவந்து கொட்டிலின் நிலத்தை உயர்த்தி, புதுக் கிடுகு வேய்ந்து, குத்துகிற ஆணிகளை எல்லாம் கழற்றினார். நிலத்தில் தடிப்பாக வைக்கோல் பரப்பினார்.

நான் அந்த வைக்கோலைக் கூட்டி அள்ளிவிட்டேன். மாட்டுக் கொட்டில் என்றால் நிலம் பளிச்சென்று இருக்கவேண்டும். அவர் பின்னேரம் திரும்பப் பரப்பினார். நான் காலையில் திரும்பக் கூட்டினேன். ஒரு கிழமை இப்படியே போனது. கடைசியில் அவர் குதிரையிடம் முறையிட்டார்.

"இஞ்ச பாரு, இது உனக்குப் போட்ட மெத்த. குட்டி வந்து விழுற இடம். இதக் கூட்டுறவங்கட விளக்குமாத்த நீ கடிச்சித் துப்பு. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"பெட்டே, மெத்தைக்குக் கீழ உண்ணி இரிந்தா அதயும் அவர்தான் பொறுக்கணும் எண்டு சொல்லு" என்றேன் நான். ஆனால் பிறகு நனைந்த வைக்கோலை மட்டும்தான் எடுத்தேன்.

மாரி பிடித்தது. கொசுவுக்குத் தேங்காய் மட்டையும் வேப்பிலையும் போட்டுப் புகை மூட்டினேன். நான் என் பசுக்களுக்குப் பார்த்த கணக்கைத்தான் பெட்டைக்கும் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்பது மாதம், அதற்கு மேல் சில நாள். அந்தக் கணக்குப்படி எல்லாவற்றையும் ஆயத்தப்படுத்தினேன். உடுத்துக் கழித்த பழைய சாரங்களைத் தோய்த்து மடித்து வைத்தேன். குட்டிக்குப் பின்னால் இளங்கொடி விழுந்தால் கட்டித் தூக்க ஒரு சாக்கு எடுத்து வைத்தேன். எங்கள் பக்கத்தில் பசுவின் இளங்கொடியைச் சாக்கில் கட்டிப் பாலுள்ள மரத்தில் தொங்கவிடுவார்கள், அப்போதுதான் மடியில் பால் நிறையும் என்று. எங்கள் வளவு மூலையில் ஒரு பலாமரம் நின்றது. கொப்பைக்கூடத் தெரிவு செய்து வைத்துவிட்டேன்.

பக்கத்து வளவில் எருமை வளர்த்துத் தயிர் விற்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். என்னைவிட இளையவள், என்னை ராத்தா என்பாள். வாய் கொஞ்சம் நீளம். அவள் ஒரு நாள் தூக்குச்சட்டியோடு வேலியால் எட்டிப் பார்த்தாள்.

"ராத்தா, கடும்புக்கு முதல் ஆள் நான், மறந்திராதங்கா."

கன்று போட்ட பசுவின் முதல் பாலைக் கடும்பு என்போம். அதை அவித்து அயலுக்குப் பங்கிடுவது வழக்கம்.

"குதிரைக் கடும்பா? அத என்னகா செய்யப் போறாய்?"

"என்ட மனிசனுக்குக் குடுக்கப் போறன். அந்தாள் கட்டில விட்டு எழும்பி ஓடட்டும் ஒருக்காவாவது."

நாங்கள் இருவரும் சிரித்தோம். பிறகு பல நாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணக்கில் ஒன்பது மாதம் தாண்டியது. பெட்டை ஈனவில்லை. மடி நிறையவில்லை. வற்றிய தோல் மாதிரிக் கிடந்தது. வால் அடியில் இறங்கவேண்டிய பள்ளமும் இறங்கவில்லை.

பசுவுக்கு நாங்கள் ஒன்று செய்வோம். விடியச் சாமத்துக் குளிர்ந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துவிட்டு வயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்போம். உள்ளே உள்ள கன்று குளிருக்கு ஆடும். பெட்டைக்கும் அப்படித்தான் பார்த்துவந்தேன். ஒவ்வொரு நாளும் ஆடும். ஒரு நாள் ஆடவில்லை. எவ்வளவோ நேரம் நின்று பார்த்தேன். மழை தூறியது, பெட்டை வைக்கோலை மென்றது, வயிறு பானை மாதிரி அசையாமல் நின்றது.

யாரிடம் சொல்வது? மகளிடம் சொன்னால் அவள் உடைந்துபோவாள். அந்த வார்த்தையை வாயால் எடுக்கவே பயமாக இருந்தது. அன்று மத்தியானம் மருமகன் கொட்டிலடியில் நின்று ஃபோனில் பேசியதும் கேட்டது. "கொஞ்சம் பொறு மச்சான். முடிவு சொல்றன். இன்னம் கொஞ்சம் பார்ப்பம்" என்றார். அவருக்கும் தெரிந்துவிட்டது, குட்டி செத்துவிட்டது, போவதற்குத்தான் ஆயத்தமாகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுப்பில் சோறு குழைந்துபோனது.

மறுநாள் அவர் பெட்டைக்கு மயிர் வார வந்தபோது எனக்குத் தாங்க முடியவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று சொன்னேன்.

"பெட்டே, உனக்கு நாள் தாண்டிப் போச்சு. மடி வத்திக் கிடக்கு. நேத்து வயிறும் ஆடல்ல. உள்ளுக்கு இரிக்கிறது உசிரோடதான் இரிக்கா? எல்லாரும் தெரிஞ்சிக்கிட்டு எனக்கு மட்டும் மறைக்கிறீங்களா?"

வாருகிற சத்தம் நின்றது. யன்னல் இடுக்கால் பார்த்தேன். குதிரையின் கழுத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பெட்டே" என்றார். அரபிப் பேரை விட்டு அவரும் பெட்டை என்றது அன்றுதான். "மாமிக்கு ஆரும் சொல்லல்லயா? உங்கட சாதி பதினொரு மாசம் சுமக்கிற சாதி எண்டு? இன்னம் ஒரு மாசத்துக்கு மேல கிடக்கே. நீ மாடில்ல, மாடில்ல எண்டு எத்தின தரம் சொல்லிட்டன்."

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நேத்து உள்ளுக்குப் படுத்துத் தூங்கியிரிக்கும். இண்டைக்கு ஆடுது. மாமிய வந்து கைய வெச்சிப் பார்க்கச் சொல்லு."

சொல்லிவிட்டு, நான் வெளியே வருவதற்காக முன்வளவுக்குப் போய்விட்டார். நான் போய் பெட்டையின் வயிற்றின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்தேன். உள்ளே இருந்து ஒரு உதை வந்தது. குளம்போ முழங்காலோ, கையில் தட்டிவிட்டுப் போனது. கொட்டில் தூணைப் பிடித்துக்கொண்டு நான் அப்படியே நின்றேன்.

தயிர்க்காரிக்கு எப்படியோ கதை போய்விட்டது. "மாடு ஒம்பது, எருமை பத்து, குதிரை பதினொண்டு. அப்ப ஆனைக்கு எத்தின ராத்தா?" என்றாள்.

"நீ வளர்த்துப் பார்த்துட்டுச் சொல்லு" என்றேன். எனக்கு இப்போது யார் சிரித்தாலும் கவலை இல்லை.

மிச்ச நாட்களில் மருமகன் பெட்டைக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தார். எனக்குத்தான் சொல்கிறார் என்று பெட்டைக்கே விளங்கியிருக்கும். "காம்பு நுனியில மெழுகு மாதிரித் துளி நிக்கும், அப்ப கிட்டிட்டு எண்டு அர்த்தம். மாடு மாதிரி மத்தியானம் வரைக்கும் முக்கிக்கிட்டுக் கிடக்க உனக்கு நேரமில்ல. பன்னீர்க்குடம் உடைஞ்சா மறுகா கெதியா வரணும். முதல்ல ரெண்டு கால், அதுக்கு மேல மூக்கு. வேற மாதிரி வந்தா உடனே என்னக் கூப்பிடு." நான் வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மனதில் போட்டுக்கொண்டேன்.

மழை விட்டு, வயல் வட்டையில் கதிர் பழுக்கத் தொடங்கியது. பெட்டையின் மடி நிறைந்தது. ஒரு நாள் பின்னேரம் காம்பில் தேன்மெழுகு போலத் துளி நின்றது. அன்றிரவு மருமகன் கொட்டிலடியில் பாய் போட்டுக் காவல் கிடந்தார். ஒன்றும் நடக்கவில்லை. விடியச் சுபஹுத் தொழுகைக்கு மோட்டார் சைக்கிளில் பள்ளிக்குப் போனார். பெட்டை அவர் போகும்வரைதான் காத்திருந்ததோ என்னவோ.

நான் தொழுது முடித்துப் பின்கதவைத் திறந்தபோது வெளிச்சம் விழத் தொடங்கியிருந்தது. பெட்டை வைக்கோலில் சரிந்து கிடந்தது. உடம்பெல்லாம் வியர்வை. குடம் உடைந்து வைக்கோல் நனைந்திருந்தது. வெள்ளைச் சவ்வுக்குள் ஒரு கால் தெரிந்தது. அடுத்து மூக்கு தெரிந்தது. மற்றக் காலைக் காணவில்லை.

"புள்ள! அவருக்குக் கோல் எடு!" என்று கத்தினேன். மகள் ஓடிவந்து எடுத்தாள். ஃபோன் வீட்டுக்குள்ளேயே அடித்தது. பள்ளிக்குப் போகும்போது வைத்துவிட்டுப் போயிருந்தார். பெட்டை முக்கியது. அந்த ஒரு கால் கொஞ்சம் வந்தது, திரும்ப உள்ளே போனது. மகள் தெருவுக்கு ஓடினாள்.

அந்த நேரம் வாசல் கடப்படியில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. என்ன நினைத்தேன் என்று தெரியாது. ஒன்றும் நினைக்கவில்லை. கொட்டிலை விட்டு ஓடி, முன்வளவுக்கே போய், அவருடைய முகத்துக்கு நேரே நின்று கூப்பிட்டேன்.

"மகன்! கெதியா வாங்க! ஒரு கால் வரல்ல!"

அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும். மோட்டார் சைக்கிளை அப்படியே விழவிட்டு ஓடிவந்தார். சட்டையைக் கழற்றி, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"மாமி, தலையப் புடிங்க. எழும்ப விடாதீங்க. அதோட பேசுங்க. நீங்க பேசினாத்தான் அது கேட்கும்."

பெட்டையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பேசினேன். அன்றைக்குத்தான் உண்மையாகப் பெட்டையோடு மட்டும் பேசினேன். என்ன பேசினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவர் கையை உள்ளே விட்டார். "முன்னங்கால் மடிஞ்சி நிக்குது மாமி" என்றார். மெதுவாகப் பின்னுக்குத் தள்ளி, மடிந்த காலைத் தேடி நீட்டி எடுத்தார். இரண்டாவது குளம்பும் வெளியே தெரிந்தது.

அவர் இழுக்கத் தொடங்கினார். அவசரத்தில் நேரே இழுத்தார். அந்த இடத்தில் பசுவும் குதிரையும் ஒன்றுதான், எனக்குத் தெரியும்.

"நேர இழுக்காதீங்க மகன், கீழ்ப்பக்கமா இழுங்க. அது முக்கிற நேரம் இழுங்க, சும்மா கிடக்கிற நேரம் விட்டுருங்க."

"சரி மாமி."

"இப்ப! இப்ப இழுங்க!"

குட்டி வழுக்கிக்கொண்டு வந்து வைக்கோலில் விழுந்தது. அந்த மெத்தையில்தான். மருமகன் மூக்கிலிருந்த சவ்வைக் கிழித்தார். அது தும்மியது. நான் பழக்கத்தில் கொடியை அறுக்கக் கை நீட்டினேன். "அறுக்காதீங்க மாமி, தானா அறும்" என்றார். காத்திருந்தோம். பெட்டை எழும்பியபோது அது தானாகவே அறுந்தது. அவர் குட்டியின் தொப்புளுக்கு மருந்து வைத்தார்.

பிறகுதான் பார்த்தேன், என் முக்காடு கழுத்தில் கிடந்தது. அவர் எனக்கு நேரே குந்தியிருந்தார். அவருடைய தாடியில் இவ்வளவு நரை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் கண்டேன். முக்காட்டை இழுத்துப் போட்டேன். ஆனால் எழும்பிப் போகவில்லை. குட்டி நிற்கவேண்டுமே.

மகள் தூணோடு சாய்ந்து நின்றாள். மூன்று பேரும் குட்டியையே பார்த்தோம். மடக்குக் கட்டிலைத் தெரியாதவன் விரித்த மாதிரி அதன் கால்கள் நாலு பக்கமும் போயின. எழும்பியது, விழுந்தது. திரும்ப எழும்பி, வேலியில் போய் முட்டி விழுந்தது. நான் பிடிக்கப் போனேன். "விடுங்க மாமி, அது பார்க்கும்" என்றார் மருமகன். வெயில் கிடுகு வழியாக இறங்கிய நேரம் அது நாலு காலையும் ஊன்றி நின்றது. ஆடிக்கொண்டுதான் நின்றது. ஆனாலும் நின்றது. தாயின் மடியைத் தேடிப் போய் வாயை வைத்தது. மகள் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தயிர்க்காரி சட்டியோடு வந்துவிட்டாள். "எங்கே என்ட பங்கு?"

"ஒரு துளியும் இல்ல" என்றேன். "முழுக்கக் குட்டிக்குத்தான். உன்ட மனிசன் படுத்தே கிடக்கட்டும்."

இளங்கொடி விழுந்ததும் மருமகன் அதை நிலத்தில் விரித்து, கிழிந்து மிச்சம் உள்ளே நிற்கிறதா என்று பார்த்தார். முழுசாக இருந்தது. புதைக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். நான் எடுத்து வைத்த சாக்கைக் கொண்டுவந்து தானே கட்டினார். "மாமி, எந்தக் கொப்பு?" என்று கேட்டார். பலாமரத்தைக் காட்டினேன். ஏறித் தொங்கவிட்டார்.

கிணற்றடியில் அவர் குளித்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. ஈரக்கையோடு எடுத்தார்.

"இல்ல மச்சான், நான் வரல்ல. வேற ஆளப் பாரு... ஓம், பெட்டைக் குட்டி. உம்மா மாதிரியே நெத்தியில வெள்ள." கொஞ்சம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நான் தனிய இல்ல. மாமிதான் தலையப் புடிச்ச."

குசினிக்குள் மகள் தேநீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். அவளுக்கும் அது கேட்டது. சீனியை இரண்டு தரம் போட்டாள். அந்தத் தேநீரை நான் முழுக்கக் குடித்தேன்.

மறுநாள் காலை நான் திரும்பக் குசினிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டேன். "என்ன உம்மா, நேத்து முன்வளவுல நிண்டு கத்தினீங்க, இண்டைக்கு ஒளிக்கிறீங்க?" என்றாள் மகள். நேற்று நேற்றுதான். என் கூச்சம் ஒரு நாளில் போகிற கூச்சமா?

மருமகனும் அப்படித்தான். குசினிக்கு முதுகைக் காட்டி நின்று, குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டு சொன்னார்.

"குட்டி, இண்டைக்கு மத்தியானத்துக்கு என்ன கறி எண்டு கேளு."

"கணவாய்" என்றேன். யாருக்குச் சொன்னேன் என்று நான் சொல்லவில்லை. பெட்டை திரும்பிப் பார்த்தது.